பல் கூசாத பழத் தண்ணீர்: முழுமையான வழிகாட்டி

வெறும் தண்ணீர் தொண்டையில் இறங்க மாட்டேன் என்கிறது என்பவர்களுக்கு இன்ஃப்யூஸ்டு வாட்டர் நல்ல வழிதான். ஒரு ஜாடித் தண்ணீர், கொஞ்சம் பழம், ஒரு பிடி இலை, இரண்டு மணி நேரப் பொறுமை. சர்க்கரை போடுவதில்லை என்பதால் குளிர்பானத்துக்கு இது எவ்வளவோ மேல். ஆனால் இணையத்தில் சுற்றும் செய்முறைகளைப் பாருங்கள்: எலுமிச்சை, ஆரஞ்சு, ஸ்ட்ராபெர்ரி, அன்னாசி என்று புளிப்புப் பழங்களாகவே இருக்கும். அதை பாட்டிலில் ஊற்றி, மேசையில் வைத்துக்கொண்டு, காலையிலிருந்து மாலை வரை ஒவ்வொரு வாயாகக் குடிக்கச் சொல்வார்கள். வயிறு அதைப் பொருட்படுத்தாது. அவதிப்படுவது பல்தான்.

தண்ணீருக்கு மணம் இருந்தால் போதும், புளிப்பு வேண்டாம். இந்த வழிகாட்டியில் உள்ள எல்லாமே அந்த ஒரு யோசனையிலிருந்து வருபவை. எந்தப் பழத்தை எடுப்பது, எதை எப்படி நறுக்குவது, எவ்வளவு நேரம் ஊறவைப்பது, எலுமிச்சை இல்லாமல் இருக்கவே முடியாது என்றால் என்ன செய்வது என்று ஒவ்வொன்றாகப் பார்ப்போம்.

முதலில், பல்லுக்கு என்னதான் ஆகிறது?

பல்லின் வெளிப்புறம் இருக்கும் எனாமல்தான் நம் உடம்பிலேயே மிகக் கடினமான பொருள். கால்சியமும் பாஸ்பேட்டும் சேர்ந்த படிகம் அது. எவ்வளவு கடினமானாலும் அமிலத்துக்கு முன்னால் கரையும். வாயில் உள்ள திரவத்தின் பிஎச் அளவு (அமிலத்தன்மையைக் காட்டும் எண், குறையக் குறைய அமிலம் கூடும்) சுமார் 5.5-க்குக் கீழே போனால் எனாமலிலிருந்து தாதுக்கள் வெளியேறத் தொடங்கும். எனாமலுக்கு அடியில் இருக்கும் டென்டின் இன்னும் மென்மையானது. அது 6-க்கு மேலேயே கரையத் தொடங்கிவிடும். ஈறு இறங்கி வேர்ப்பகுதி தெரிகிறவர்களுக்குப் பல் சீக்கிரம் கூசுவதற்கு இதுவும் ஒரு காரணம்.

பிஎச் அளவுகோலில் ஒரு எண் இறங்கினால் அமிலத்தன்மை 10 மடங்கு ஏறுகிறது. அதாவது பிஎச் 3.5 என்பது 5.5-ஐவிட 100 மடங்கு அமிலம். எண்ணைப் பார்த்தால் பக்கத்தில் இருப்பது போலத் தோன்றும், அவ்வளவுதான்.

இது சொத்தைப் பல்லிலிருந்து வேறுபட்ட விஷயம். சொத்தையில் சர்க்கரையைத் தின்ற பாக்டீரியா அமிலத்தை உண்டாக்குகிறது. இங்கே பாக்டீரியா தேவையே இல்லை. பழத்தின் அமிலம் நேராகப் பல்லில் படுகிறது. அதனால் "சர்க்கரையே சேர்க்கவில்லையே" என்ற சமாதானம் இந்த இடத்தில் செல்லாது.

நமக்கு உள்ள காவல் உமிழ்நீர். அதில் உள்ள பைகார்பனேட் அமிலத்தைச் சமன் செய்யும், கால்சியமும் பாஸ்பேட்டும் இளகிய எனாமலை மறுபடி கெட்டியாக்கும். ஆனால் அதற்கு நேரம் வேண்டும், அரை மணியிலிருந்து ஒரு மணி வரை. பத்து நிமிடத்துக்கு ஒருமுறை ஒரு வாய் எலுமிச்சைத் தண்ணீர் குடித்துக்கொண்டே இருந்தால் உமிழ்நீர் தன் வேலையை முடிக்கவே முடியாது. ஒரேயடியாக ஒரு டம்ளர் குடித்து முடிப்பதைவிட, அதே டம்ளரை மூன்று மணி நேரம் இழுப்பது பல்லுக்குக் கெடுதல். தேய்ந்துபோன எனாமல் திரும்ப வளராது. அதை உருவாக்கிய செல்கள் பல் முளைக்கும்போதே மறைந்துவிடுகின்றன.

பழங்களைப் பிரித்துக்கொள்ளுங்கள்

கீழே உள்ளவை பழத்தின் பிஎச் அளவுகள். ரகத்தையும் பழுத்த பதத்தையும் பொறுத்துக் கொஞ்சம் ஏறி இறங்கும்.

- எலுமிச்சை, சாத்துக்கொடி போன்றவற்றில் எலுமிச்சைதான் மோசம்: 2 முதல் 2.6. ஆரஞ்சு 3.3 முதல் 4.2.
- ஸ்ட்ராபெர்ரி, ராஸ்பெர்ரி, அன்னாசி, பச்சை ஆப்பிள்: ஏறக்குறைய 3 முதல் 4.
- பேரிக்காய்: 3.5 முதல் 4.6. இனிப்பாக இருப்பதால் ஏமாற்றும்.
- வெள்ளரிக்காய்: 5.1 முதல் 5.8.
- தர்பூசணி: 5.2 முதல் 5.6. பப்பாளி: 5.2 முதல் 6.
- முலாம்பழம்: 6.1 முதல் 6.6. இந்தப் பட்டியலில் பல்லுக்கு இதைவிட மென்மையானது இல்லை.

வெள்ளரியும் தர்பூசணியும் 5.5 என்ற எல்லைக்கோட்டில்தானே நிற்கின்றன என்று கேட்கலாம். பிஎச் மட்டும் முழுக்கதையைச் சொல்லாது. ஒரு பழத்தில் மொத்தம் எவ்வளவு அமிலம் இருக்கிறது என்பதும் முக்கியம். எலுமிச்சைச் சாற்றில் நூற்றுக்கு ஐந்தாறு பங்கு சிட்ரிக் அமிலம். வெள்ளரியில் இருப்பது அதில் மிகச் சிறு பகுதி. அதுவும் ஒரு லிட்டர் தண்ணீரில் கரைந்த பிறகு உமிழ்நீருக்கு அது ஒரு பொருட்டே இல்லை. சிட்ரிக் அமிலத்துக்கு இன்னொரு கெட்ட குணமும் உண்டு: கால்சியத்தைப் பிடித்துக்கொண்டு போய்விடும். அதனால் ஒரே பிஎச் உள்ள இரண்டு பானங்களில் சிட்ரிக் அமிலம் உள்ளது கூடுதலாகப் பல்லைக் கரைக்கலாம்.

மூலிகை என்ற பேரைக் கேட்டதும் எல்லாமே பத்திரம் என்று நினைக்க வேண்டாம். புதினா, துளசி, பேசில் (துளசி இனச் சமையல் இலை), ரோஸ்மேரி, எலுமிச்சைப் புல், இஞ்சி, சோம்பு, ஏலக்காய், பட்டை ஆகியவை தண்ணீரைப் புளிப்பாக்காது. ஆனால் ஹைபிஸ்கஸ் டீ என்று விற்கும் கருஞ்சிவப்புப் புல்லி இதழ்கள் எலுமிச்சைக்குப் பக்கத்தில் வரும் அளவுக்குப் புளிப்பு. ரோஸ்ஹிப் என்ற ரோஜாக்காய் டீயும் அப்படித்தான். தண்ணீரில் ஆப்பிள் சைடர் வினிகரைக் கலந்து குடிப்பதும் இதே கூட்டம். வாயில் வைத்ததும் தாடை ஓரத்தில் எச்சில் ஊறினால் அது புளிப்புதான், பெயர் என்னவாக இருந்தாலும்.

தண்ணீரையும் கவனியுங்கள்

யாரும் சொல்லாத பகுதி இது. ஒரே அளவு எலுமிச்சைச் சாறு இரண்டு விதத் தண்ணீரில் இரண்டு விதமாக நடந்துகொள்ளும்.

ஆர்.ஓ. இயந்திரத்தில் தாதுக்களை அகற்றிய தண்ணீர் ஒரு லிட்டரில் ஒரே ஒரு டீஸ்பூன், அதாவது 5 மி.லி. எலுமிச்சைச் சாறு விட்டால் பிஎச் 3-ஐச் சற்றுத் தாண்டி நிற்கும். நாக்குக்குப் புளிப்பு லேசாகத்தான் தெரியும். பைகார்பனேட் நிறைய உள்ள கடினநீரில் அதே டீஸ்பூன் சாற்றை விட்டால் அமிலத்தின் பெரும்பகுதி அங்கேயே சமனாகிவிடும். தண்ணீரைக் கொதிக்கவைக்கும் பாத்திரத்தின் அடியில் வெள்ளையாகப் படிகிறதே, அந்த உப்பில் பாதிக் கதை இருக்கிறது. கொதித்த கடினநீர் தன் பைகார்பனேட்டை அங்கே உதிர்த்துவிடுகிறது. ஆறிய பிறகு அமிலத்தைத் தாங்கும் சக்தி குறைந்துவிடும்.

இதனால் ஆர்.ஓ. தண்ணீரைக் கைவிட வேண்டியதில்லை. அந்தத் தண்ணீர் தானாகப் பல்லைக் கரைக்காது. அதில் புளிப்பு சேர்க்கும்போது அதற்குத் தாங்கும் சக்தி இல்லை என்பதை நினைவில் வைத்தால் போதும். ஆர்.ஓ. இயந்திரம் ஃபுளோரைடையும் பெருமளவு அகற்றிவிடும். குழாய்த் தண்ணீரில் அளவான ஃபுளோரைடு இருக்கும் ஊர் என்றால் அந்தத் தண்ணீரிலேயே பழத்தை ஊறவைப்பது பல்லுக்குக் கூடுதல் லாபம். நிலத்தடி நீரில் ஃபுளோரைடு கூடுதலாக இருக்கும் இடங்களும் உண்டு. உலக சுகாதார நிறுவனத்தின் வரம்பு லிட்டருக்கு 1.5 மி.கி.; அதைத் தாண்டிய நீருக்கு ஆர்.ஓ.தான் சரி.

சோடா வாட்டர்? எதுவும் சேர்க்காத சோடாவின் பிஎச் 4 முதல் 5 வரை இருக்கும். ஆனால் கார்பானிக் அமிலம் பலவீனமானது, வாயு வெளியேறியதும் போய்விடும். எப்போதாவது ஒரு டம்ளர் குடிப்பதற்குப் பயப்பட ஒன்றுமில்லை. எலுமிச்சைச் சுவையூட்டிய சோடாவின் கதை வேறு. சிட்ரிக் அமிலம் சேர்த்திருக்கிறதா என்று லேபிளில் பாருங்கள்.

தேவையானவை

- மூடியுள்ள 1 லிட்டர் கண்ணாடி ஜாடி அல்லது எவர்சில்வர் பாத்திரம். வாய் அகலமாக இருக்கட்டும். கை உள்ளே போகாத பாத்திரத்தைச் சரியாகக் கழுவ முடியாது.
- கூர்மையான கத்தி, காய்கறித் தோல் சீவி.
- மெல்லிய கண்ணுள்ள வடிகட்டி.
- விருப்பப்பட்டால் பிஎச் காகிதப் பட்டை. 4 முதல் 7 வரை அரை அரையாகக் காட்டும் பட்டை இந்த வேலைக்குப் பொருந்தும்.

படி 1: கழுவுதல்

பழத்தை நறுக்குவதற்கு முன்பு முழுசாகக் கழுவ வேண்டும். தோலைத்தான் தூக்கி எறியப் போகிறோமே என்று முலாம்பழத்தைக் கழுவாமல் விடுகிறவர்கள் உண்டு. அதன் சொரசொரத் தோலில் மண்ணும் கிருமியும் ஒட்டியிருக்கும். கத்தி உள்ளே இறங்கும்போது அவற்றையும் சேர்த்துச் சதைக்குள் இழுத்துக்கொண்டு போகும். சால்மோனெல்லா, லிஸ்டீரியா போன்ற கிருமிகள் முலாம்பழத்தின் வழியாகப் பரவியதுண்டு. ஓடும் தண்ணீரில் சுத்தமான பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். சோப்பு வேண்டாம், தோல் உறிஞ்சிக்கொள்ளும். வெள்ளரியின் தோலில் மெழுகுப் பளபளப்பு இருந்தால் சீவிவிடுங்கள்.

இலைகளை ஒரு கிண்ணம் தண்ணீரில் போட்டு அலசி, மண் அடியில் தங்கியதும் மேலாக அள்ளி எடுங்கள். கிண்ணத்தைக் கவிழ்த்து வடித்தால் மண் திரும்ப இலையிலேயே உட்காரும்.

படி 2: நறுக்குதல்

வெள்ளரியை மெல்லிய வட்டங்களாக, மறுபக்கம் லேசாகத் தெரியும் அளவுக்கு நறுக்குங்கள். மெல்லியதாக இருந்தால் மணம் சீக்கிரம் இறங்கும், அதிகக் காயும் தேவைப்படாது. முலாம்பழத்தையும் தர்பூசணியையும் 2 செ.மீ. துண்டுகளாக வெட்டினால் போதும். சிறிதாக வெட்டினால் கரைந்து தண்ணீர் கலங்கும்.

பழத்தை நசுக்காதீர்கள், மிக்ஸியில் அடிக்கவும் வேண்டாம். நசுக்கினால் சாறு முழுக்கத் தண்ணீரில் கலந்துவிடும். சர்க்கரையும் அமிலமும் அதோடு வரும். அப்புறம் அது நீர்த்துப்போன ஜூஸ்தான்.

படி 3: இலையை எழுப்புதல்

புதினா இலையின் மேற்பரப்பில் கண்ணுக்குத் தெரியாத சிறு சுரப்பிகள் இருக்கின்றன. மணம் தரும் எண்ணெய் அவற்றில்தான் இருக்கிறது. அவை உடைந்தால் போதும், இலை கிழிய வேண்டியதில்லை. பத்து இலையை ஒரு உள்ளங்கையில் பரப்பி, மறு கையால் ஒருமுறை பளீரென்று தட்டுங்கள். கையைத் திறந்தால் மணம் மூக்கில் ஏறும், இலை முழுசாக இருக்கும். அதை அப்படியே ஜாடிக்குள் போட வேண்டியதுதான்.

உரலில் போட்டு இடித்தால் பச்சை வாடையும் கசப்பும் வரும், ஒரு மணி நேரத்தில் தண்ணீர் பழுப்பாகும். துளசிக்கும் பேசிலுக்கும் இதே தட்டல்தான். ரோஸ்மேரி கெட்டியான இலை. விரலால் காம்போடு ஒருமுறை உருவினால் போதும். அது வீரியமானதும்கூட. ஒரு லிட்டருக்கு ஒரு விரல் நீளக் கொத்துக்கு மேல் போட்டால் மருந்து வாடை அடிக்கும்.

படி 4: ஊறவைத்தல்

மென்மையானவற்றுக்குக் குளிர்முறை. ஜாடியில் பழமும் இலையும் போட்டு, குளிர்ந்த நீர் ஊற்றி, மூடி, ஃபிரிட்ஜில் வையுங்கள். வெளியில் வைத்து ஊறவைப்பதைவிட இது மெதுவானது. ஆனால் கசப்பு குறைவாக இறங்கும், கிருமியும் எளிதில் பெருகாது. குளிர்ந்த பானம் பல்லை மெதுவாகத்தான் அரிக்கும் என்பது இன்னொரு சௌகரியம். சூடு ஏற ஏற அமிலத்தின் வேகமும் ஏறும்.

எவ்வளவு நேரம்? ரோஸ்மேரிக்கு முக்கால் மணி நேரம். புதினாவுக்கு ஒன்று முதல் இரண்டு மணி. வெள்ளரிக்கு இரண்டு மணி. முலாம்பழத்துக்கு மூன்று. நேரத்தைவிட நாக்கை நம்புங்கள். மணம் போதும் என்று தோன்றியதும் இலைகளை எடுத்துவிடுங்கள்.

இஞ்சி, பட்டை, சோம்பு, எலுமிச்சைப் புல் போன்ற கடினமானவை குளிர்ந்த நீரில் சோம்பேறித்தனமாக ஊறும். இவற்றுக்குச் சூடுமுறை: 250 மி.லி. கொதிநீரில் போட்டு மூடி 10 முதல் 15 நிமிடம் வைத்து, வடிகட்டி, 750 மி.லி. குளிர்ந்த நீரில் கலக்க வேண்டும். மூடுவது முக்கியம், இல்லையென்றால் மணம் ஆவியோடு போய்விடும். நீங்கள் பிடிக்க நினைத்ததே அந்த மணத்தைத்தான்.

எலுமிச்சை இல்லாமல் முடியாதே என்பவர்களுக்கு

எலுமிச்சையின் புளிப்பு சாற்றில் இருக்கிறது. அதன் மணமோ தோலின் மஞ்சள் பகுதியில், எண்ணெயாக இருக்கிறது. இரண்டும் வேறு வேறு இடத்தில் இருப்பது நம் அதிர்ஷ்டம்.

பழத்தை வெந்நீரில் பிரஷ்ஷால் தேய்த்துக் கழுவுங்கள். மெழுகும் பூச்சிமருந்தும் தங்கியிருப்பது தோலில்தான். தோல் சீவியை மெதுவாக அழுத்தி, மேலிருந்து கீழாக ஒரு பட்டை உரியுங்கள். உரித்ததைத் திருப்பிப் பாருங்கள். உட்புறம் முழுக்க வெள்ளையாக இருந்தால் கை அழுந்திவிட்டது. அந்த வெள்ளைச் சதை கசக்கும், கத்தியைப் படுக்கவைத்து வழித்துவிடுங்கள். சரியாக உரித்த பட்டை வெளிச்சத்தில் பிடித்தால் ஒளி ஊடுருவும் அளவுக்கு மெல்லியதாக, ஊசிக்குத்துப் போன்ற எண்ணெய்ப் புள்ளிகளோடு இருக்கும். ஜாடியின் வாய்க்கு மேலே பிடித்து, மஞ்சள் பக்கம் கீழே பார்க்கும்படி இரு விரலால் மடித்து அழுத்துங்கள். மெல்லிய தூறல் ஒன்று தெறிக்கும். எலுமிச்சையின் மணம் முழுக்க அந்தத் தூறலில் இருக்கிறது.

ஒரு லிட்டருக்கு விரல் நீளப் பட்டைகள் மூன்று போதும். ஒன்றரை மணி நேரத்தில் எடுத்துவிடுங்கள். அதற்கு மேல் போனால் கசக்கும். ஆரஞ்சுத் தோலுக்கும் இதே வழி. குடிக்கும்போது மூக்கு எலுமிச்சை என்று சொல்லும், நாக்கில் புளிப்பு இருக்காது. முதல் இரண்டு வாய்க்கு ஏதோ குறைகிற மாதிரி இருக்கும், பிறகு பழகிவிடும்.

இரண்டாவது வழி எலுமிச்சைப் புல். எலுமிச்சையை நினைவூட்டும் அதன் மணத்துக்குக் காரணம் சிட்ரால் என்ற எண்ணெய்ப் பொருள். எலுமிச்சைத் தோலிலும் அது இருக்கிறது. புல்லில் சிட்ரிக் அமிலப் பிரச்சினை கிடையாது. என்னைக் கேட்டால் தோலைவிட இதுவே மேல், கசப்புப் பயமும் இல்லை.

சாறு விட்டுவிட்டு ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டுச் சமன் செய்யலாமே என்று சிலர் கேட்பார்கள். வேதியியல்படி சரிதான். ஆனால் புளிப்பும் போய்விடும், உப்புக் கரிப்பு வந்து சேரும், சோடியமும் ஏறும். புளிப்பைக் கொல்வதற்காகப் புளிப்பைச் சேர்ப்பானேன்?

சில சேர்க்கைகள்

*வெள்ளரி, புதினா.* 1 லிட்டர் தண்ணீருக்குப் பாதி வெள்ளரிக்காய், சுமார் 100 கிராம். புதினா 10 முதல் 12 இலை. ஃபிரிட்ஜில் இரண்டு மணி நேரம். புதிதாகத் தொடங்குகிறவர்கள் இதிலிருந்தே தொடங்கலாம், சொதப்ப வாய்ப்பு குறைவு. வெள்ளரியின் நுனியைக் கடித்துப் பாருங்கள். கசந்தால் அந்தக் காயைப் போடாதீர்கள், தண்ணீர் முழுக்கக் கசக்கும்.

*முலாம்பழம், பேசில்.* பழம் 150 கிராம், இலை 6 முதல் 8. மூன்று மணி நேரம். இனிப்பு இல்லாமலே இனிப்பது போல இருக்கும். மூக்கு செய்யும் வேலை அது. பேசில் இல்லையென்றால் துளசி, ஆனால் நான்கைந்து இலை போதும். துளசி கார மணம் உள்ளது, பழத்தை மூடிவிடும்.

*எலுமிச்சைப் புல், இஞ்சி.* புல்லின் வெள்ளைத் தண்டுப் பகுதி இரண்டைக் கத்தியின் பின்புறத்தால் தட்டிக்கொள்ளுங்கள். இஞ்சி நான்கைந்து மெல்லிய வில்லைகள். சூடுமுறையில் செய்து ஆறவையுங்கள். இந்தக் கட்டுரையிலேயே எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். இதைச் செய்து வைத்திருக்கும் நாளில் எலுமிச்சைச் சாறு நினைவுக்கே வராது.

*ஆரஞ்சுத் தோல், பட்டை.* சுண்டுவிரல் நீள இலவங்கப்பட்டை ஒன்றைச் சூடுமுறையில் ஊறவைத்து, குளிர்ந்த நீரில் கலந்த பிறகு ஆரஞ்சுத் தோல் மூன்று துண்டு. இதை அன்றாடம் வேண்டாம், காசியா வகைப் பட்டையில் கூமரின் என்ற வேதிப்பொருள் உண்டு. அது தொடர்ந்து கூடுதலாகப் போனால் கல்லீரலுக்கு நல்லதல்ல.

தர்பூசணியும் ரோஸ்மேரியும் சேரும். சோம்பும் ஏலக்காயும் சேரும். வாழைப்பழம் எதனோடும் சேராது, குழைந்து சேறாகிவிடும்.

ஸ்ட்ராபெர்ரி ஆசை இருந்தால்? இரண்டு பழத்தை முழுசாக, நறுக்காமல், ஒரு ஜாடி வெள்ளரித் தண்ணீரில் ஒரு மணி நேரம் மிதக்கவிட்டு எடுங்கள். நிறமும் மணமும் கொஞ்சம் வரும். அன்றைக்கு அந்தத் தண்ணீரைச் சாப்பாட்டோடு மட்டும் குடியுங்கள்.

படி 5: பத்திரப்படுத்துதல்

பல்லுக்கு மென்மையான தண்ணீர் கிருமிக்கும் மென்மையானது. எலுமிச்சைத் தண்ணீர் தன் அமிலத்தாலேயே கொஞ்சம் தன்னைக் காத்துக்கொள்ளும். பிஎச் 4.6-க்கு மேலே இருக்கும் உணவில் கிருமிகள் எளிதாகப் பெருகும். நாம் தேர்ந்தெடுத்த வெள்ளரியும் முலாம்பழமும் அந்தப் பக்கத்தில்தான் இருக்கின்றன. புளிப்பைக் கைவிட்டதற்கு நாம் தரும் விலை இது. ஆகவே இங்கே கண்டிப்பு தேவை.

ஃபிரிட்ஜ் 5 டிகிரி செல்சியஸுக்கு மேல் போகக் கூடாது. வெளியில் எடுத்த தண்ணீரை இரண்டு மணி நேரத்துக்குள் குடித்துவிடுங்கள். வெயில் 32 டிகிரியைத் தாண்டும் நாளில் ஒரு மணி நேரத்துக்குள். காரில் வைத்த பாட்டிலை மாலையில் எடுத்துக் குடிக்க வேண்டாம், கொட்டிவிடுங்கள். பழத்தை 12 மணி நேரத்துக்கு மேல் ஊறவிடாமல் எடுத்துவிட்டு, மீதித் தண்ணீரை 24 மணி நேரத்துக்குள் முடியுங்கள். அதே பழத்தின் மேலேயே மறுபடி மறுபடி தண்ணீர் ஊற்றி நாளைக்கும் ஓட்டுவது வேண்டாம். வழவழப்பு, நுரை, புளித்த வாடை எது வந்தாலும் சாக்கடைக்குத்தான்.

வெளியே எடுத்துப் போக வேண்டும் என்றால் வடிகட்டிய தண்ணீரை மட்டும் பாட்டிலில் ஊற்றுங்கள். மூடியில் உள்ள ரப்பர் வளையத்தைத் தினமும் கழற்றிக் கழுவுங்கள். அதன் அடியில் கருப்பாகச் சேரும் அழுக்கை ஒருமுறை பார்த்தவர்கள் மறக்க மாட்டார்கள்.

படி 6: குடிக்கும் முறை

வெள்ளரி, முலாம்பழம், மூலிகைத் தண்ணீரை எப்போது வேண்டுமானாலும் குடிக்கலாம். தூங்கப் போகும் முன் பல் தேய்த்த பிறகு மட்டும் வெறும் தண்ணீர். தூக்கத்தில் உமிழ்நீர் மிகக் குறைவாகத்தான் சுரக்கும். பழத்திலிருந்து இறங்கிய துளி சர்க்கரையைக்கூடக் கழுவ ஆள் இருக்காது.

புளிப்புத் தண்ணீர் குடிக்கிற நாளில் சாப்பாட்டோடு சேர்த்து, ஒரே உட்காரலில் முடித்துவிடுங்கள். வாயில் வைத்துக் கொப்பளித்துச் சுவைக்க வேண்டாம். ஸ்ட்ரா உதவும், ஆனால் அதன் முனை முன்பற்களைத் தாண்டி நாக்கின் மேல் இருக்க வேண்டும். உதட்டு நுனியில் வைத்து உறிஞ்சினால் பீய்ச்சுவது நேராக முன்பல்லில்தான். குடித்து முடித்ததும் வெறும் தண்ணீரால் வாய் கொப்பளியுங்கள்.

பல் தேய்க்க அவசரப்படாதீர்கள். அமிலம் பட்ட எனாமல் சற்று நேரம் இளகியிருக்கும், அப்போது பிரஷ் போட்டால் இளகியதும் சேர்ந்து போய்விடும். ஒரு மணி நேரம் கழித்துத் தேய்க்கலாம். காலையில் எழுந்ததும் வெந்நீரில் எலுமிச்சை பிழிந்து குடித்துவிட்டு உடனே பல் தேய்க்கும் வழக்கம் பலருக்கு உண்டு. அமிலம், சூடு, பிரஷ் மூன்றும் ஒன்றன் பின் ஒன்றாகப் பல்லில் இறங்குகின்றன. விட மனமில்லை என்றால் முதலில் பல் தேய்த்துவிட்டு, அப்புறம் குடியுங்கள்.

பிஎச் பட்டையில் சோதிப்பது

தண்ணீர் அறை வெப்பத்துக்கு வந்த பிறகு பட்டையை நனைத்து, பாக்கெட்டில் சொன்ன நேரம் காத்திருந்து நிறத்தைப் பாருங்கள். தாது குறைந்த தண்ணீரில் நிறம் மெதுவாகத்தான் மாறும், கொஞ்சம் கூடுதலாகக் காத்திருங்கள். பழம் போடாத அதே தண்ணீரையும் பக்கத்தில் வைத்துச் சோதித்தால்தான் ஒப்பிட முடியும். 5.5-க்கு மேல் இருந்தால் கவலையில்லை. 5-க்குக் கீழே வந்தால் அதைச் சாப்பாட்டு நேரப் பானமாக வைத்துக்கொள்ளுங்கள். ஒவ்வொரு ஜாடியையும் சோதிக்க வேண்டியதில்லை. புதுச் சேர்க்கை, புதுத் தண்ணீர் என்றால் ஒருமுறை பார்த்தால் போதும்.

யார் கூடுதலாகக் கவனிக்க வேண்டும்

வாய் வறட்சி உள்ளவர்கள் முதலில். ஒவ்வாமை மாத்திரைகள், மனச்சோர்வு மாத்திரைகள் சிலவற்றால் உமிழ்நீர் குறையும். காவலாள் இல்லாத வாய்க்குப் புளிப்பே வேண்டாம். நெஞ்செரிச்சலோடு அமிலம் மேலேறி வருகிறவர்களுக்கு ஏற்கெனவே போதுமான அமிலம் வாய்க்கு வருகிறது. குழந்தைகளின் பால் பற்களில் எனாமல் மெல்லியது. அவர்களுக்கு வெள்ளரித் தண்ணீர் கொடுக்கலாம், ஆனால் துண்டுகளை வடிகட்டிவிட்டுக் கொடுங்கள்.

பல்லை நேராக்கக் கழற்றி மாட்டும் உறையான அலைனர் போட்டிருப்பவர்கள் அதை மாட்டிக்கொண்டு வெறும் தண்ணீர் தவிர வேறெதுவும் குடிக்கக் கூடாது. அலைனருக்கும் பல்லுக்கும் நடுவே பானம் தேங்கி நிற்கும், உமிழ்நீர் அங்கே எட்டாது. முலாம்பழத் தண்ணீருக்கும் இது பொருந்தும்.

இந்தத் தண்ணீர் உடம்பின் நச்சை எல்லாம் வெளியேற்றும் என்று சொல்வதை நம்ப வேண்டாம். அந்த வேலையைக் கல்லீரலும் சிறுநீரகமும் பார்த்துக்கொள்கின்றன. வைட்டமினும் பெரிதாக இறங்காது. வேண்டுமென்றால் ஊறிய முலாம்பழத்தைச் சாப்பாட்டோடு தின்றுவிடுங்கள்.

குளிர்ந்த தண்ணீருக்கே பல் கூசுவது, முன்பல்லின் விளிம்பு கண்ணாடி போல ஒளி ஊடுருவுவது, பல் மஞ்சளாகத் தெரிவது, கடைவாய்ப் பல்லின் மேற்புறத்தில் சிறு குழிகள், பல் தேய்ந்து, சொத்தைக்கு வைத்த அடைப்பு (ஃபில்லிங்) மட்டும் மேடாக நிற்பது ஆகியவை எனாமல் போய்க்கொண்டிருப்பதன் அடையாளங்கள். இவற்றில் எது தெரிந்தாலும் பல் மருத்துவரிடம் காட்டுங்கள். ஒரு வாரம் எதை, எந்த நேரத்தில் குடித்தீர்கள் என்று எழுதி எடுத்துக்கொண்டு போனால் காரணத்தைக் கண்டுபிடிப்பது அவருக்குச் சுலபம்.